அழிக்கட்டுமா என்று கேட்ட கறுப்பு ஜன்னல்

இது நடந்தது. கதை விடுகிறான் என்று தோன்றினால் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

பேய் என்றால் நள்ளிரவில் வரும், கொலுசுச் சத்தம் கேட்கும், நாய் ஊளையிடும் என்று நம்புகிறவர்கள் கொஞ்சம் ஏமாந்துபோவார்கள். இது நடந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். நான்கு டியூப்லைட் எரிந்துகொண்டிருந்த அறையில். பக்கத்தில் நாய் எதுவும் இல்லை. இருந்திருந்தாலும் அந்த நேரத்தில் அது சாப்பிட்டுவிட்டுத் தூங்கியிருக்கும்.

நடந்தது ரீஸ்டார்ட்டுக்கு.

அது அவனுடைய நிஜப் பெயர் இல்லை என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. மூன்று வருடம் கம்ப்யூட்டர் படித்துப் பட்டம் வாங்கிவிட்டு, ஒரு ஸ்கேன் சென்டரில் வேலைக்குச் சேர்ந்தவன் அவன். சேர்ந்து இரண்டே மாதத்தில் அவன் சம்பாதித்த பெயர் அது. பிரிண்டர் ஓடவில்லையா? "ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க." மவுஸ் நகரவில்லையா? "ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க." ஒருமுறை ஏ.சி. குளிரவில்லை என்று புகார் சொன்ன டாக்டரிடமும் பழக்க தோஷத்தில் அதையே சொல்லிவிட்டான். டாக்டர் முறைத்தபடி ஏ.சி.யை அணைத்துப் போட்டார். குளிர்ந்தது. அன்றைக்கு அவனுக்கு மரியாதை கொஞ்சம் கூடியது, பெயர் நிரந்தரமானது.

வேலை நிரந்தரமாகவில்லை. அது சித்தப்பா சொல்லிக் கிடைத்த வேலை. சித்தப்பா அதை மறக்கவுமில்லை, குடும்பத்தில் ஒருவரையும் மறக்க விடவுமில்லை. "என் பேரைக் காப்பாத்து" என்பது மட்டும்தான் அவர் வைத்த நிபந்தனை. அவர் பெயரைக் காப்பாற்றுவது ஒரு பக்கம் இருக்கட்டும், தன் பெயரையே காப்பாற்ற முடியாதவன் நம் ஆள்.

அவன் அறை இரண்டாம் மாடியின் கோடியில் இருந்தது. மூன்று பக்கம் சுவர். நான்காவது பக்கம் பலகையடித்து, சுவருக்கு அடித்த அதே வெளிர் மஞ்சள் சாயத்தை அதற்கும் அடித்திருந்தார்கள். அவன் மேசை அந்தப் பலகையை ஒட்டித்தான் கிடந்தது. பலகைக்குப் பின்னால் என்ன என்று அவன் யோசித்ததே இல்லை. பலகைக்குப் பின்னால் என்ன என்று யோசிப்பதற்கா சம்பளம் கொடுக்கிறார்கள்?

அந்த ஞாயிறு அவன் அங்கே வந்ததற்குக் காரணம், ரிசப்ஷன் அக்கா.

சென்டரில் அவனைத் 'தம்பி' என்று கூப்பிடும் ஒரே ஆள் அந்த அக்காதான். அவர் அம்மாவுக்குத் தலைக்குள் ஒரு கட்டி. திங்கட்கிழமை காலையில் ஆபரேஷன். ஸ்கேன் எடுத்தது இதே சென்டரில்தான். அந்த ஸ்கேனை சிடியில் போட்டு, ஞாயிறு மாலை ஆறு மணிக்குள் ஆஸ்பத்திரியில் கொடுத்தாக வேண்டும். அதைப் பார்த்துத்தான் எங்கே திறப்பது என்று சர்ஜன் முடிவு செய்வார். சனிக்கிழமை சிடி போட உட்கார்ந்தபோது, 'போதிய இடம் இல்லை' என்று கம்ப்யூட்டர் கைவிரித்துவிட்டது. சிடிக்குப் போகும் படங்களை முதலில் திரட்டிவைக்கும் D டிரைவ் கழுத்துவரை நிரம்பியிருந்தது.

"இன்னொரு தடவை ஸ்கேன் எடுத்துக்கலாமேக்கா?" என்று அவன் ஒரு யோசனை சொன்னான்.

அக்கா அவனைப் பார்த்தார். "ஸ்கேனுக்குப் போடற அந்த ஊசி மருந்து இன்னொரு தடவை உள்ள போனா கிட்னி தாங்காதுன்னு சொல்லிட்டாங்க, தம்பி. இருக்கிறது ஒண்ணுதான். பத்திரமா எடுத்துக் குடுத்துடு."

ஆகவே, ஞாயிறு மதியம் இரண்டு மணிக்கு அவன் மேனேஜருக்குப் போன் போட்டான்.

"D டிரைவ்ல பழைய ஸ்கேன்னு ஒரு ஃபோல்டர் இருக்கும். அதுல இருக்கிறதையெல்லாம் அழிச்சிடுப்பா. வெளியில ரெண்டு காப்பி எடுத்து வெச்சாச்சு" என்றார் மேனேஜர்.

"எல்லாத்தையும் செலக்ட் பண்ணா ஹேங் ஆகுது சார். லட்சக்கணக்குல ஃபைல்."

"ஸ்கிரிப்ட் எழுதேன். உனக்கு முன்னாடி இருந்தவர் அப்படித்தான் பண்ணுவாரு."

"அவர் நம்பர் குடுங்க சார். ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்."

மறுமுனையில் டிவி ஓடுவது மட்டும் கேட்டது.

"அவர் இப்ப இங்க இல்லப்பா" என்றார் மேனேஜர். போனை வைத்துவிட்டார்.

ஸ்கிரிப்ட் என்றால் ஒன்றும் பெரிய வித்தையில்லை. செய்ய வேண்டிய வேலைகளை வரிவரியாக ஒரு ஃபைலில் எழுதிவைத்தால், கம்ப்யூட்டர் ஒரு கறுப்பு ஜன்னலைத் திறந்து அவற்றை ஒவ்வொன்றாகச் செய்யும். கல்லூரியில் இதற்கு ஒரு பாடமே உண்டு. அந்தப் பாடத்தில் ரீஸ்டார்ட் நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தான். எப்படி வாங்கினான் என்பது அவனுக்கும், அவனுக்கு முன் பெஞ்சில் உட்கார்ந்தவனுக்கும் மட்டுமே தெரிந்த விஷயம்.

இரண்டு வரி எழுதினான். முதல் வரி: பழைய ஸ்கேன் ஃபோல்டருக்குப் போ. இரண்டாவது வரி: அங்கே இருப்பதையெல்லாம் அழி. கண்ணில் பட்ட ஃபோல்டரில் அதைச் சேமித்தான். கண்ணில் பட்டது, C டிரைவில் 'இந்த மாதம்' என்ற ஃபோல்டர். அக்காவின் அம்மா ஸ்கேன் இருக்கிறதா என்று பார்க்க அதைத்தான் திறந்து வைத்திருந்தான். பெருமையாக டபுள் கிளிக் செய்தான்.

அவன் எழுதியதையே கம்ப்யூட்டர் அவனுக்குத் திறந்து காட்டியது. படித்துப் பார் என்பதுபோல.

பெயருக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத '.txt' என்ற ஒரு வால் ஒட்டிக்கொண்டு, ஸ்கிரிப்ட் வெறும் குறிப்பாகச் சேமிக்கப்பட்டிருந்தது. புதிதாக எழுதுகிறவர்கள் எல்லோரும் விழும் முதல் பள்ளம் அது. இணையத்தில் தேடி வாலை வெட்டினான். மறுபடி டபுள் கிளிக்.

இப்போது கறுப்பு ஜன்னல் வந்தது. வந்த வேகத்தில் போனது. சொந்தக்காரர் வீட்டு வாசலில் செருப்பு அதிகமாகக் கிடப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவன் மாதிரி, எட்டிப் பார்த்தது, மறைந்தது. உள்ளே ஏதோ எழுதியிருந்தது. படிக்க முடியவில்லை.

இது இரண்டாவது பள்ளம். இதற்கும் இணையத்தில் மருந்து இருந்தது. கடைசியில் 'பாஸ்' என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். முதலாளியைக் கூப்பிடுவதல்ல, சற்று நில் என்று பொருள். அதைச் சேர்த்தால், 'தொடர ஏதாவது ஒரு விசையை அழுத்தவும்' என்று சொல்லிவிட்டு ஜன்னல் அப்படியே நிற்கும். நாம் ஒரு விசையைத் தட்டும்வரை நகராது.

சேர்த்தான். ஓட்டினான். ஜன்னல் வந்தது. நின்றது. அவன் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு முன்னால் குனிந்தான்.

ஜன்னல் மூடிக்கொண்டது.

எதையும் தொடவில்லை என்று அவனுக்கு நன்றாக நினைவிருந்தது. ஆனால் நினைவு என்பது அவன் பெரிதாக நம்பியிருக்கும் பொருள் அல்ல. மறுபடி ஓட்டினான். மறுபடியும் நின்றது. மறுபடியும் தானாக மூடிக்கொண்டது.

மூன்றாவது முறை புத்திசாலித்தனமாக ஒரு வேலை செய்தான். வலது கையில் போனை வைத்து வீடியோ எடுத்தான். இடது கை மவுஸில். பிறகு வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தான். விஷயம் எளிது, அழிக்கும் கட்டளையில் இரண்டு எழுத்தை மாற்றி அடித்திருந்தான். 'இப்படி ஒரு கட்டளை எனக்குத் தெரியாது' என்று கம்ப்யூட்டர் நாகரிகமாகச் சொல்லியிருந்தது.

திருத்தினான். வீடியோவை அழிப்பதற்கு முன் ஒருமுறை முழுதாக ஓடவிட்டான்.

ஜன்னல் மூடுவதற்கு ஒரு நொடி முன்னால்... வீடியோவில் ஒரு சத்தம்.

டக்.

விசை தட்டும் சத்தம். பழைய கீபோர்டுகளில் கேட்குமே, அது. ரீஸ்டார்ட் தன் கீபோர்டைத் தட்டிப் பார்த்தான். அது ரப்பர் கீபோர்டு. எவ்வளவு ஓங்கித் தட்டினாலும் தலையணையைத் தட்டியதுபோல் சத்தமே வராது.

'ஏ.சி.யா இருக்கும்' என்று நினைத்துக்கொண்டான். ஏ.சி. அன்று ஓடவே இல்லை. அது பிறகுதான் உறைத்தது.

மணி 3.25. திருத்திய ஸ்கிரிப்டை ஓட்டினான். இந்த முறை கறுப்பு ஜன்னல் ஒழுங்காக ஒரு கேள்வி கேட்டது. முதலில் நீளமாக ஏதோ ஒரு ஃபோல்டரின் முகவரி. அதன் முடிவில்: 'அழிக்கட்டுமா? Y/N'. நீளமான வரியின் முதல் பாதியை யார் படிக்கிறார்கள்? ஆமாம் என்பதற்கு Y. அவன் விரலை Y-க்குக் கொண்டுபோனான்.

திரையில் N விழுந்தது.

அடுத்து என்டர். 'அழிக்கவில்லை' என்று சொல்லிவிட்டு ஜன்னல் மூடிக்கொண்டது.

மறுபடி ஓட்டினான். அவன் விரல் போவதற்குள் N. என்டர்.

மறுபடியும். N. என்டர்.

N விசை சிக்கிக்கொண்டிருக்கிறது என்று முடிவு செய்தான். கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டினான். பிஸ்கட் தூள், ஒரு ஸ்டேப்ளர் பின், யாருடையதோ ஒரு நகத்துண்டு. தண்ணீர் குடித்துவிட்டு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று கீழே இறங்கினான்.

வாசலில் செக்யூரிட்டி அண்ணன் ரேடியோவைச் சின்னதாக வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். ஏஜென்சி அனுப்பி மூன்று வாரம்தான் ஆகிறது. பேச்சுத் துணை கிடைத்தால் விடமாட்டார். ஆனால் அன்று ரேடியோவை அணைத்துவிட்டு, தலையைச் சாய்த்து மேலே பார்த்தார்.

"தம்பி, மேல யாரு டைப் அடிக்கிறது?"

"நான்தாண்ணே" என்றான் ரீஸ்டார்ட், தண்ணீரைக் குடித்துக்கொண்டே.

"நீங்கதான் இங்க நிக்கிறீங்களே."

ரீஸ்டார்ட் டம்ளரைக் கீழே வைத்தான்.

இருவரும் கேட்டார்கள். காலியான கட்டடத்தில், மாடிப்படி வழியாக இறங்கி வந்தது.

டக்... டக்.

கொஞ்சம் இடைவெளி.

டக்... டக்.

"வாங்களேன் அண்ணே, மேல போய் ஒரு எட்டு பாத்துட்டு வரலாம்."

"எனக்கு வாசல்தான் டியூட்டி, தம்பி" என்றார் செக்யூரிட்டி. அவ்வளவு கடமையுணர்ச்சியை அவரிடம் அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை.

அக்காவின் முகம் நினைவுக்கு வராமல் இருந்திருந்தால் ரீஸ்டார்ட் அப்படியே பஸ் ஏறியிருப்பான். 'இருக்கிறது ஒண்ணுதான்' என்ற குரல் காதிலேயே நின்றது. மேலே போனான். ஒவ்வொரு படிக்கும் ஒரு காரணம் சொல்லிக்கொண்டே போனான். எலி. குழாய். பக்கத்துக் கட்டடம்.

அறையில் யாரும் இல்லை. திரையில், அவன் திறந்து வைத்துவிட்டுப் போயிருந்த ஸ்கிரிப்டின் கடைசி வரிக்குக் கீழே, புதிதாக எழுத்துகள்.

n
n
n
n

பக்கம் முழுக்க. ஒரு வரிக்கு ஒன்று.

கீபோர்டின் வயரைப் பிடுங்கினான். சுருட்டி அலமாரியில் வைத்துப் பூட்டினான். மவுஸ் மட்டும் போதும். திரையிலேயே ஒரு கீபோர்டு படத்தை வரவழைக்கலாம். மவுஸால் ஒவ்வொரு எழுத்தாக அழுத்தலாம். வரவழைத்தான். n-களை அழித்தான். ஸ்கிரிப்டை ஓட்டினான்.

'அழிக்கட்டுமா? Y/N'

மவுஸை Y-க்கு நகர்த்தினான்.

திரையில் இருந்த கீபோர்டு படத்தில், N என்ற கட்டம் பளிச்சென்று வெளுத்தது. நிஜக் கீபோர்டில் யாராவது ஒரு விசையைத் தட்டினால், படத்திலும் அந்தக் கட்டம் அப்படித்தான் வெளுக்கும்.

நிஜக் கீபோர்டு பூட்டிய அலமாரியில் இருந்தது.

அடுத்து என்டர் கட்டம் வெளுத்தது. ஜன்னல் இந்த முறை மூடவில்லை, 'பாஸ்' வரியில் அப்படியே நின்றது.

அவன் நாற்காலியைப் பின்னால் தள்ளினான். அது பலகையிலிருந்து இரண்டடி விலகியது. எழுந்து ஓட வேண்டும் என்று கால் சொன்னது. மணி 4.40 என்று திரை சொன்னது. ஆறு மணிக்கு ஆஸ்பத்திரி.

பயந்துபோன மனிதன் செய்யும் காரியங்களில் மிக ஆபத்தானது, இணையத்தில் வழி தேடுவது. ரீஸ்டார்ட் தேடினான். யாரோ ஒரு புண்ணியவான் எழுதியிருந்தார்: 'கேள்வி தொந்தரவாக இருந்தால், கேள்வியே கேட்காமல் அழிக்கச் சொல்லலாம். அழிக்கும் வரியில் இந்தச் சின்னக் குறியைச் சேருங்கள்.' கேள்வி இல்லை என்றால் N என்ற பதிலும் இல்லை. கறுப்பு ஜன்னலில் அழித்தது குப்பைத்தொட்டிக்கும் போகாது, போனது போனதுதான். அது இன்னும் நல்லது, இடம் உடனே கிடைக்கும்.

குறியைச் சேர்த்தான். மூடினான். 'மாற்றங்களைச் சேமிக்கவா?' என்று கேட்டது கம்ப்யூட்டர். அந்தப் பெட்டியில் வேண்டாம் என்பதற்கு, எல்லோருக்கும் தெரிந்த அதே எழுத்து.

N வெளுத்தது.

சேமிக்காமல் மூடிக்கொண்டது.

மறுபடி திறந்து சேர்த்தான். மறுபடி மூடினான்.

N.

"யாருடா அது!" என்று கத்தினான். குரல் அறைக்குள் சுற்றிவிட்டு அவனிடமே வந்தது.

அப்போதுதான் அவன் முதல் முறையாக, படித்த படிப்புக்குத் தகுந்த ஒரு காரியம் செய்தான். மேசைக்கு அடியில் புகுந்து, கம்ப்யூட்டரின் முதுகைப் பார்த்தான். தூசி. வயர்கள். அவற்றுக்கு நடுவில், சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு கறுப்புத் துண்டு செருகியிருந்தது.

வயர் இல்லாத கீபோர்டின் ரிசீவர்.

அவனுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. அவ்வளவுதானா! எங்கேயோ ஒரு பழைய வயர்லெஸ் கீபோர்டு கிடக்கிறது. அதன் மேல் ஏதோ விழுந்து அழுத்துகிறது. பிடுங்கினான். சட்டைப்பையில் போட்டான். மேசைக்கு அடியிலிருந்து ராஜா மாதிரி வெளியே வந்தான்.

குறியைச் சேர்த்தான். மூடினான். 'சேமிக்கவா?' சேமி என்பதை மவுஸால் அழுத்தினான். எதுவும் குறுக்கே வரவில்லை. சேமித்துக்கொண்டது.

இனி ஒரு டபுள் கிளிக்தான்.

மவுஸை ஸ்கிரிப்டின் மேல் வைத்தான்.

டக்... டக்.

திரையில் எதுவும் வெளுக்கவில்லை. சத்தம் மட்டும்.

பலகைக்குப் பின்னாலிருந்து.

அவன் முகத்துக்கு நேர் எதிரே. இரண்டடி தூரத்தில்.

டக்... டக். டக்... டக். டக்... டக்.

வேகமாக. அவசரமாக.

போன் அடித்தது. நாற்காலியோடு தூக்கிவாரிப்போட்டது அவனுக்கு. அக்கா.

"தம்பி, ஆச்சா? ஆஸ்பத்திரியிலேர்ந்து கேட்டுட்டே இருக்காங்க."

"இதோ... ஆயிடும்க்கா."

"என்ன ஒரு மாதிரி பேசுற? அம்மா ஸ்கேன் இருக்குல்ல? எதுவும் ஆகலல்ல?"

"இருக்குக்கா. பத்திரமா இருக்கு."

"எங்க இருக்குன்னு சரியா சொல்லு. எனக்கு மனசே ஆறல."

அக்காவைச் சமாதானப்படுத்த, அவன் அந்த ஃபோல்டரின் முகவரியைத் திரையில் பார்த்து ஒவ்வொன்றாகப் படித்தான். "C டிரைவ்க்கா. அதுக்குள்ள ஸ்கேன். அதுக்குள்ள இந்த மாதம்..."

திரைக்கு அருகே குனிந்தான்.

திரையில் அவன் படித்துக்கொண்டிருந்தது ஃபோல்டரின் தலைப்பை அல்ல. பக்கத்தில், மூடாமல் 'பாஸ்' வரியில் நின்றுகொண்டிருந்த முந்தைய கறுப்பு ஜன்னலை. அன்று முழுவதும் அவன் படிக்காமல் விட்ட நீளமான வரியின் முதல் பாதியை.

C. ஸ்கேன். இந்த மாதம். அழிக்கட்டுமா? Y/N

"தம்பி? லைன்ல இருக்கியா?"

"பத்து நிமிஷம்க்கா" என்றான்.

புதிதாக ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்கள் விழும் பள்ளங்களிலேயே மோசமான பள்ளம் இதுதான். C டிரைவில் நின்றுகொண்டு, D டிரைவில் இருக்கும் ஃபோல்டருக்குப் போ என்றால் கறுப்பு ஜன்னல் மறுப்புச் சொல்லாது. பிழை என்றும் காட்டாது. ஆனால் போகாது. டிரைவையும் மாற்று என்று தனியாக ஒரு குறி சேர்த்தால்தான் நகரும். இல்லாவிட்டால் நின்ற இடத்திலேயே நிற்கும். நின்ற இடத்திலேயே, எல்லாவற்றையும் அழி என்ற அடுத்த வரியைச் செய்யும்.

அது நின்ற இடம், ஸ்கிரிப்ட் இருந்த இடம். 'இந்த மாதம்'.

கேள்வி கேட்காமல் அழிக்கும் குறியோடு, ஒரே ஒரு டபுள் கிளிக் தூரத்தில், அக்காவின் அம்மா இருந்தார்.

சத்தம் நின்றிருந்தது.

ரீஸ்டார்ட் அந்தக் குறியை எடுத்தான். டிரைவை மாற்றும் குறியைச் சேர்த்தான். சேமித்தான். ஓட்டினான்.

இந்த முறை வரியை முதலிலிருந்து படித்தான். வாய்விட்டுப் படித்தான்.

"D. பழைய ஸ்கேன். அழிக்கட்டுமா?"

Y-ஐ அழுத்த வேண்டியதுதான். அழுத்த வரவில்லை. ரிசீவர் சட்டைப்பையில் இருந்தது. கீபோர்டு அலமாரியில் இருந்தது. மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

காத்திருந்தான்.

யாருக்காக என்று அவனுக்கே தெரியவில்லை.

டியூப்லைட் ரீங்காரமிட்டது...

டக்.

திரையில் Y வெளுத்தது.

டக்.

என்டர்.

மணி 5.12. லட்சக்கணக்கான ஃபைல்கள் போகத் தொடங்கின.

சிடி போய்ச் சேர்ந்தது. ஆறு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது, செக்யூரிட்டி அண்ணனின் பைக்கில். ("வாசல் டியூட்டி என்னாச்சுண்ணே?" "வாசல் எங்கயும் ஓடிடாது, தம்பி. உக்காருங்க.") திங்கட்கிழமை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ரீஸ்டார்ட் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. மேசையை மட்டும் பலகையை விட்டுத் தள்ளிப் போட்டான்.

இரண்டு வாரம் கழித்து, ஏ.சி. குழாயை அந்தப் பக்கமாகக் கொண்டுபோவதற்குத் தச்சர் வந்து பலகையைக் கழற்றினார்.

பின்னால் சுவர் இல்லை. ஒரு கதவு. பூட்டியிருந்தது. சாவி யாரிடமும் இல்லை. உடைத்தார்கள். ஸ்கேன் படங்களை ஃபிலிமில் கழுவிய காலத்து இருட்டறை. ஒரு தொட்டி. ஒரு சிவப்பு பல்ப். ஒரு மடக்குக் கட்டில். தொட்டிக்கு அடியில் கிடந்த ஒன்றைத் தச்சர் துடைப்பக் கட்டையால் வெளியே இழுத்தார்.

ஒரு வயர்லெஸ் கீபோர்டு.

கதவருகே நின்றிருந்த அக்கா வாயைப் பொத்திக்கொண்டார்.

"இது அண்ணனோடது."

"எந்த அண்ணன்?"

"உனக்கு முன்னாடி இருந்தவரு. டீ குடிக்கப் போனாக்கூட கீபோர்டைக் கக்கத்துல இடுக்கிட்டுத்தான் போவாரு, குடை மாதிரி. நாங்க எல்லாரும் கிண்டல் பண்ணுவோம்."

"எதுக்குக்கா?"

அக்கா ஒருமுறை மேனேஜர் பக்கம் பார்த்தார். "ஒரு தடவை வெச்சுட்டுப் போனாரு. அழிக்கட்டுமான்னு கேட்டுட்டு ஸ்கிரீன் நின்னுட்டு இருந்துச்சு. எந்த ஃபோல்டர்னு இன்னொரு வாட்டி டாக்டர்கிட்ட கேட்டுட்டு வர்றேன்னு போனவரு. நேரமாகுதுன்னு யாரோ உக்காந்து Y அடிச்சுட்டாங்க. அதுல ஒரு சின்னப் பொண்ணோட ஸ்கேன் போயிடுச்சு. மறுபடி எடுக்கிறதுக்குள்ள..."



"யாருக்கா அடிச்சது?"

மேனேஜர் தச்சரிடம், சாயம் உரியாமல் பார்த்துக் கழற்றச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் குரல் அன்று கொஞ்சம் உரக்க இருந்தது.

"பழி அண்ணன் மேலதான் விழுந்துச்சு" என்றார் அக்கா. "அதுக்கப்புறம் கீபோர்டை அவரு கீழ வெச்சதே இல்ல. மதியம் இந்த ரூம்லதான் படுப்பாரு. ஒரு ஞாயித்துக்கிழமை வேலை இருக்குன்னு தனியா வந்தாரு. திங்கக்கிழமை காலையில கதவைத் திறந்தது நான்தான், தம்பி. ஹார்ட் அட்டாக்குன்னு சொன்னாங்க. அடுத்த வாரமே பலகை அடிச்சுட்டாங்க. ரெண்டு வருஷம் ஆச்சு."

ரீஸ்டார்ட் கீபோர்டைத் திருப்பிப் பார்த்தான். பேட்டரி போடும் இடம் திறந்து கிடந்தது. உள்ளே பேட்டரி இல்லை. வெள்ளையாகப் பூத்துப்போயிருந்தது.

திருப்பி நிமிர்த்தினான்.

விசைகளின் மேல் இரண்டு வருடத் தூசி, கம்பளி மாதிரி.

N-இல் தூசி இல்லை. என்டரில் தூசி இல்லை. இரண்டும் இப்போதுதான் துடைத்ததுபோல் பளபளத்தன.

Y-இல் தூசி இருந்தது. அதன் நடுவில், ஒரே ஒரு விரல் தடம்.

ரீஸ்டார்ட் இன்னும் அதே சென்டரில்தான் இருக்கிறான். வேலை நிரந்தரமாகிவிட்டது, சித்தப்பா அதைத் தன் சாதனை என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். இப்போது நன்றாகவே ஸ்கிரிப்ட் எழுதுகிறான். ஆனால் எதையாவது அழிக்கும் ஸ்கிரிப்ட் என்றால், அழிக்கட்டுமா என்ற கேள்வியை எடுக்கவே மாட்டான். கேள்வி வந்ததும் கீபோர்டின் வயரைப் பிடுங்கிவிட்டு, கையை மடியில் வைத்துக்கொள்வான்.

பதிலை அவன் அடிப்பதில்லை.